இத்தாலில ஒரு கோட்டை, நாலு பொம்பளைங்க, ஒரு ஏப்ரல் மாசம்: இந்தக் கதை ஏன் இப்டி ஒட்டிக்குது?

மொட்டைமாடி_வத்தல்:

மக்களே ஒரு சந்தேகம், கேக்கவே கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. நான் படிக்கறதெல்லாம் கொலை, போலீசு, கோர்ட்டு இந்த வகையறாதான், லவ் ஸ்டோரின்னா பத்து பக்கத்துல மூடி வெச்சிருவேன். போன மாசம் பையனுக்கு எக்ஸாம், டிவி போடக்கூடாது, சரின்னு போன்ல சும்மா கெடைக்கற பழைய புக்கு எதாச்சும் தேடினதுல எலிசபெத் வான் ஆர்னிம்னு ஒரு அம்மா 1922ல எழுதுன 'தி என்சான்டட் ஏப்ரல்' மாட்டுச்சு. காப்பிரைட் முடிஞ்சு போனதால குட்டன்பெர்க் சைட்லயே இருக்கு. இப்ப மூணாவது தடவை படிச்சிட்டு இருக்கேன், எனக்கே பயமா இருக்கு.

தெரியாதவங்களுக்கு கதை இதுதான். லண்டன்ல பிப்ரவரி, நசநசன்னு மழை. லாட்டி வில்கின்ஸ், ஒரு வக்கீலோட பொண்டாட்டி, பார்ட்டிக்கு போனா யாரும் திரும்பிக்கூட பாக்காத ரகம். பொம்பளைங்க கிளப் ஒண்ணுல உக்காந்து டைம்ஸ் பேப்பரை பொரட்டிட்டு இருக்கா. அடுத்து போய் வீட்டுக்காரருக்கு மீன் வாங்கணும், அந்தாளுக்கு சோல் மீனும் சால்மனும் விட்டா வேற எறங்காது. அப்ப கண்ணுல ஒரு விளம்பரம் படுது, விஸ்டீரியாவும் (கொடில பூக்கற பூ) வெயிலும் பிடிச்சவங்களுக்குன்னு ஆரம்பிக்குது, இத்தாலில கடலோரமா சின்னதா ஒரு பழைய கோட்டை, ஏப்ரல் மாசத்துக்கு வாடகைக்கு, வேலைக்காரங்க அங்கயே இருப்பாங்க. அதே விளம்பரத்தையே வெறிச்சு பாத்துட்டு இன்னொரு அம்மா, ரோஸ், எதிர்ல உக்காந்திருக்கு. முன்னபின்ன பேசுனதே இல்ல. லாட்டி எந்திரிச்சு போய் கேட்டுர்றா, நீங்களும் அதைத்தான படிக்கறீங்கன்னு.

வாடகை 60 பவுண்டு. லாட்டிகிட்ட அப்பா குடுக்கற துணிமணி காசுல மிச்சம் புடிச்ச 90 பவுண்டு இருக்கு. அதுலயும் கை வெக்க பயந்துகிட்டு இவங்களும் பேப்பர்ல ஒரு விளம்பரம் போட்டு இன்னும் ரெண்டு பேரை சேத்துக்கறாங்க, ஆளுக்கு 15 பவுண்டு. நாலு பேரும் போறாங்க. போயி? ஒண்ணும் இல்ல. பூ பாக்கறாங்க, சாப்புடறாங்க, எனக்கு உனக்குன்னு ரூமுக்கு சண்டை போடறாங்க, கொஞ்ச நாள் கழிச்சு ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க. அவ்ளோதான் புக்கு.

என் வீட்டுக்காரர் என்ன படிக்கறன்னு கேட்டாரு, சொன்னேன், "யாரும் சாகலையா"ன்னு கேட்டு சிரிச்சிட்டு போயிட்டாரு. அவரு சிரிச்சதுக்கு பதில் சொல்ல தெரியல எனக்கு. இதுல என்னதான் இருக்கு? வெளிநாடு, பூ, கடல்ங்கறதுதான் காரணமா, இல்ல எனக்கு வயசாயிருச்சா? படிச்சவங்க சொல்லுங்க.

(இன்னொண்ணு. எங்க வீட்லயும் வஞ்சிரமும் சங்கராவும் விட்டா வேற மீன் எறங்காது. அந்த எடத்துல போனை கீழ வெச்சிட்டு கொஞ்ச நேரம் ஃபேனை பாத்துட்டு இருந்தேன்.)


தூங்காநகரத்தான்:

சிம்பிள்ங்க. நம்ம படத்துல ஊருல சண்டை போட்டுட்டு இருக்கறவங்க பாட்டு வந்ததும் சுவிஸ்ல பனில டான்ஸ் ஆடுவாங்கள்ல, அதே டெக்னிக். செலவில்லாம ஊர் சுத்தி காட்டறது. புக்குல இன்னும் சல்லிசு, விசா வேணாம்.


லெண்டிங்லைப்ரரி_கார்டு:

தூங்காநகரத்தான் தம்பி, நீங்க சொல்றது பாதி சரி, ஆனா இந்த புக்குக்கு அது பொருந்தாது. நான் எண்பதுகள்ல காலேஜ், அப்ப எங்க தெருமுனைல ஒரு லெண்டிங் லைப்ரரி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ள போனா வேர்த்து ஊத்தும். மில்ஸ் அண்ட் பூன் எல்லாம் ஒரு தனி அலமாரி, அட்டைக்கு ப்ரவுன் பேப்பர் போட்டு வெளிய பேர் தெரியாத மாதிரி பேக்ல வெச்சு எடுத்துட்டு போவோம், முதுகு ஒடிஞ்சு நூல் தொங்கற புக்கு எதுவோ அதுதான் நல்ல புக்குன்னு ஒரு கணக்கு. மில்ஸ் அண்ட் பூன் ஆரம்பிச்சது 1908ல, லண்டன்ல, முதல்ல எல்லா வகை புக்கும் போட்டுட்டு இருந்தாங்க, அப்பறம்தான் முழுக்க ரொமான்ஸ்னு ஆச்சு. அதுல வெளிநாடுன்னா எப்டி வரும்னா, பொண்ணு ஏழை, நர்ஸாவோ செக்ரட்டரியாவோ இருப்பா, ஒரு கிரேக்க தீவுக்கு போவா, அங்க கப்பல் கம்பெனி வெச்சிருக்கற ஒருத்தன் மொறைச்சு மொறைச்சு பாப்பான், 180வது பக்கத்துல கல்யாணம். வெளிநாடுங்கறது அங்க மாப்பிள்ளையோட சொத்து. தீவும் அவன்து, படகும் அவன்து.

ஆனா இந்த ஏப்ரல் புக்குல பாருங்க, இந்த அம்மாங்க தன் காசை போட்டு வாடகைக்கு எடுத்த எடம். 15 பவுண்டு குடுத்து வாங்குன வெயில். அதுவும் மாப்பிள்ளை யாருன்னு பாத்தா, ஊர்ல விட்டுட்டு வந்த அதே பழைய வீட்டுக்காரர்! நான் படிச்ச அத்தனை லவ் ஸ்டோரிலயும் இந்த ஒண்ணு மாதிரி இல்ல, கட்டுன புருசனையே லவ் பண்றதுக்கு ஆயிரம் மைல் ரயில்ல போயிருக்கா.

எனக்கு ரொம்ப புடிச்ச எடம் முதல் நாள் காலைல வர்றது. ராத்திரி மழைல நனைஞ்சு, இருட்டுல எங்க போறோம்னே தெரியாம குதிரை வண்டில வந்து எறங்கி படுத்திருப்பாங்க. காலைல லாட்டி முழிக்கறா, ஜன்னல் கதவு இன்னும் சாத்தியே இருக்கு, இடுக்குல மட்டும் வெளிச்சம். உடனே எந்திரிச்சு திறந்துட மாட்டா. படுக்கையிலயே கெடந்து கை காலை அகல நீட்டிக்கறா, பக்கத்துல யாரும் இல்ல, யாரையும் இடிக்காம திரும்பிப் படுக்கலாம், இது நான் காசு குடுத்த ரூம்னு நெனச்சுக்கறா. அந்த சந்தோசத்தை கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டு ருசிக்கறா பாருங்க, பாயசத்துல முந்திரிய கடைசிக்கு ஒதுக்கி வெக்கற மாதிரி, அதுக்கப்பறம்தான் கதவை திறக்கறது, கடல் அப்டியே கால் கீழ. கடலை பத்தி எழுதுனதை விட அந்த அஞ்சு நிமிசம் படுத்து கெடந்ததைத்தான் நான் திருப்பி திருப்பி படிப்பேன். எனக்கு கல்யாணம் ஆகி 34 வருசம். புரிஞ்சவங்களுக்கு புரியும்.


கறார்_வாசகி:

எல்லாரும் உருகறதால நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன், மன்னிச்சுக்கோங்க. ஸ்பாய்லர் இருக்கு, படிக்காதவங்க தாண்டி போங்க.

ரோஸோட புருசன் ஃப்ரெட்ரிக். ராஜாக்களோட வப்பாட்டிகளை பத்தி புக்கு எழுதி சம்பாதிக்கறான், ரோஸ் அந்த காசு பாவம்னு ஏழைங்களுக்கு குடுத்துட்டே இருக்கா. (இது சூப்பர் காமெடி, அந்த ஏரியா ஏழைங்க காலுல போட்டுருக்கற செருப்பு பூரா பிரெஞ்சு ராஜா வப்பாட்டிகளோட உபயம்.) இவன் கோட்டைக்கு எதுக்கு வர்றான்? பொண்டாட்டிய பாக்கவா? லேடி கரோலின்னு கூட தங்கியிருக்கற அழகிய பாக்க! லண்டன்ல வேற பேர்ல அவங்க வீட்டுக்கு போயிட்டு வந்துட்டு இருந்திருக்கான். பொண்டாட்டி இங்க இருக்கறதே அவனுக்கு தெரியாது. உள்ள வர்றான், ரோஸ் பாத்துட்டு தன் லெட்டரை பாத்துட்டுதான் ஓடி வந்தான்னு நெனச்சு ஓடிப்போய் கட்டிக்கறா. இவனும் சரின்னு அப்டியே கட்டிக்கறான். கரோலினுக்கு விசயம் புரிஞ்சும் காட்டிக் குடுக்காம விட்டுர்றா. சுபம்! என்னங்க இது? ஒரு பொய் மேல கட்டுன சந்தோசம். லாட்டி புருசனும் ஒண்ணும் குறைவில்ல, கரோலின் குடும்பம் பெரிய எடம்னு தெரிஞ்சதும் கேஸு கெடைக்கும்ங்கற கணக்குலதான் பல்லை காட்டறான்.

இதுல ஆம்பளைங்க யாரும் மாறவே இல்ல, ஏமாந்தது வாசகிங்கதான்னு நான் சொல்வேன். பூ வாசத்துல மூளை மயங்கிடுது.


லெண்டிங்லைப்ரரி_கார்டு:

கறார், நீங்க சொல்றதுல தப்பே இல்ல, ஆனா ஒண்ணு, எழுதுன அம்மாவுக்கு இது தெரியாம இல்ல. அவங்க ரெண்டாவது கல்யாணம் 1916ல, தத்துவம் எழுதுன பெர்ட்ராண்ட் ரஸ்ஸலோட அண்ணனோட, நரகம்னு சொல்லணும், சில வருசத்துலயே விட்டுட்டு வந்துட்டாங்க. இந்த புக்குக்கு முந்தின வருசம் 1921ல அவங்க எழுதுன நாவல்ல ஒரு புருசன் வர்றான் பாருங்க, பொண்டாட்டிய மூச்சு விட விடாம அடக்கற ஆளு, படிச்சா ராத்திரி தூக்கம் வராது. அதை எழுதி முடிச்ச கையோட இத்தாலில போர்ட்டோஃபினோங்கற கடலோர ஊரு பக்கம் போய் ஒரு கோட்டைல தங்கியிருக்காங்க, அந்த வருசம் ஏப்ரல்ல. ஆம்பளைங்களோட லட்சணம் தெரிஞ்சே எழுதுன லேசான கதை இது. தெரியாம எழுதுன லேசு வேற, தெரிஞ்சு எழுதுன லேசு வேற. கரோலின் விசயத்துலயும் பாருங்க, அவ கல்யாணம் பண்ணிக்கணும்னு இருந்த ஒரே ஆளு சண்டைல செத்துட்டான்னு போற போக்குல ஒரு வரில வரும். அவ்ளோதான், அதுக்கப்பறம் அதை இழுக்க மாட்டாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு நாலே வருசத்துல வந்த புக்கு, படிச்சவங்க வீட்ல பாதிப் பேருக்கு அப்டி ஒருத்தர் இருந்திருப்பாங்கதானே.


கடலோர_கனகம்:

வணக்கம். நான் உண்மையாவே இத்தாலிலதான் இருக்கிறன், பலெர்மோவில, 16 வருசம் ஆச்சு. ஊர் வடமராட்சி. இஞ்ச எங்கட ஆக்கள் கனபேர், அநேகமா எல்லாரும் வீட்டு வேலை, வயசு போன ஆக்களைப் பாக்கிறது. நானும் ஒரு சின்யோராவைத்தான் பாக்கிறன், 88 வயசு, கண் தெரியாது, பின்னேரத்தில நான்தான் வாசிச்சுக் காட்டோணும். அவவின்ர அலுமாரிக்குள்ள இந்தப் புத்தகம் இத்தாலிய மொழியில இருந்தது, போன வருசம் வாசிச்சனாங்கள்.

நீங்கள் எல்லாரும் அந்த நாலு பேரையும் பாக்கிறியள். நான் முதல் நாளிலயிருந்து சமையல்காரி கொஸ்தான்சாவைத்தான் பாத்தன். இந்தப் பெண்டுகள் வந்து இறங்கினவுடன ஆர் சாப்பாட்டுக்குச் சொல்லுறது எண்டு தங்களுக்குள்ள தீர்க்கேல்ல, அவளுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல, அவள் தன்ர விருப்பத்துக்குச் சந்தைக்குப் போய் சாமான் வாங்கிக் குவிச்சு, அப்பிடி ஒரு சந்தோசம் அவளுக்கு. பிறகு பில் வருது, அப்பதான் இவையளுக்குத் தலை சுத்துது. சின்யோரா அந்த இடத்தில விழுந்து விழுந்து சிரிச்சவ. நானும் சிரிச்சனான், ஆனா நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்சது ஒரே விசயத்துக்கு இல்லை எண்டு நினைக்கிறன்.

நாலு பேரில ஒராளான மிஸ்ஸிஸ் ஃபிஷர் எண்ட அந்தக் கிழவி மக்கரோனியைக் கண்டு முகம் சுழிக்கிற இடம் இருக்கெல்லோ, நீளமாப் புழு மாதிரி, முள்ளுக்கரண்டியிலயிருந்து வழுக்கி வழுக்கி விழும். நான் வந்த புதுசில அதே கதைதான், இடியப்பம் எண்டு நினைச்சு கையால பிசைய வெளிக்கிட்டு வேலை செய்த வீட்டில பேச்சு வாங்கினனான். எனக்கு அந்தக் கிழவியிலதான் பாசம். எல்லாரையும் அதட்டிக்கொண்டு, நல்ல அறையைத் தான் முதலே வந்து பிடிச்சுக்கொண்டு, தன்ர பழைய பெரிய மனுசரின்ர கதையையே கதைச்சுக்கொண்டு இருக்கும், பிறகு ஆரோ ஒருத்தி கன்னத்தில கொஞ்சினவுடன பாவம் என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிக்கும். என்ர சின்யோரா அச்சொட்டா அதுதான்.

லேசான கதை எண்டு சொல்லுறியள், சரிதான். ஆனா உங்களுக்கு அது வெளிநாடு, எனக்கு வேலைத்தலம். ஏப்ரல் வந்தால் நான் சனிக்கிழமையள்ல சுற்றுலாக்காரர் எடுக்கிற அறையள் துப்பரவாக்கப் போறனான். சில பெண்டுகள் தனிய வந்திருப்பினம், போகேக்கை கட்டிலை நேராக்கி, துவாயை மடிச்சு வைச்சிட்டுப் போவினம். வீட்டில மடிச்சு மடிச்சுப் பழகின கை. அப்பிடி மடிச்சு வைச்ச துவாயைக் காணேக்கை லாட்டிதான் ஞாபகம் வருவா. நாங்களும் ஞாயிறுகள்ல பெல்லெக்ரீனோ மலைக்கு சாந்தா ரொசாலியாவைக் கும்பிட ஏறுறனாங்கள், சைவக்காரரும்தான், அதுதான் எங்கட விடுமுறை. மேலயிருந்து பாத்தால் கடல். கதையில சொல்லுற கடல் மாதிரியேதான் இருக்கும், பொய் இல்லை.


மொட்டைமாடி_வத்தல்:

கனகம் அக்கா, நான் மூணு தடவை படிச்சும் அந்த சமையல்காரி பேரு கூட எனக்கு ஞாபகம் இல்ல. இப்ப நாலாவது தடவை படிக்கணும் போல இருக்கு.


பாதி_பேக்கிங்:

நான் ரெண்டு வருசம் முன்னாடி மிலான்ல ஆன்சைட், அங்கருந்து ஒரு சனிக்கிழமை போர்ட்டோஃபினோ போனேன். அப்ப இந்த புக்கு தெரியாது, போயிட்டு வந்தப்பறம்தான் படிச்சேன், அதனால ரிவர்ஸ்ல அனுபவிச்சேன்னு வெச்சுக்கோங்க. ரயிலு சாந்தா மார்கெரீட்டா வரைக்கும்தான், அங்கருந்து பஸ்ஸு, கடலை ஒட்டி ஒரு ரோடு, பஸ்ஸு திரும்பறப்ப எதிர் வண்டிக்காரன் மூஞ்சி நம்ம மூஞ்சில வந்து ஒட்டும், கொல்லிமலை ஹேர்பின் தோத்துச்சு. ஊரு ரொம்ப குட்டி. இப்ப பணக்காரங்க யாட்ட கொண்டாந்து நிறுத்தற எடம், காபி விலைய பாத்துட்டு பைல இருந்த பிஸ்கட்டை சாப்ட்டேன்.

ஆனா ஒண்ணு பாத்தேன், சொல்லியே ஆகணும். வரிசையா மஞ்சளு, ஆரஞ்சு, ரோஸ் கலர்ல உசரமான வீடுங்க, அதுல நெறைய ஜன்னல் பொய் ஜன்னல். பெயிண்ட்ல வரைஞ்சது! கதவு, நிழல், சுத்தி இருக்கற கல் வேலைப்பாடு எல்லாம் வரைஞ்சிருக்கு, கிட்ட போய் தொட்டாதான் வெறும் சுவருன்னு தெரியும். அந்த பக்கத்து ஊருங்க பூரா அப்டித்தான். கறார் சொன்னாங்கள்ல பொய் மேல கட்டுன சந்தோசம்னு, எனக்கு உடனே அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்துச்சு. பொய்னு தெரிஞ்சப்பறமும் வீடு அழகாத்தான் இருந்துச்சு, என்ன பண்றது.

கோட்டை பேரு காஸ்தெல்லோ பிரௌன். பேரை பாத்து கலருன்னு நெனச்சேன், இல்ல, ஜெனோவால பிரிட்டிஷ் கான்சலா இருந்த மாண்டேகு யேட்ஸ் பிரௌன்ங்கற ஆளு 1867ல வாங்குனாராம், அந்த பிரௌன். மேல ஏறி போக பத்து பதினஞ்சு நிமிசம், படி. எழுதுன அம்மா தங்குனது இங்கதான், 1991ல இந்த கதைய படமா எடுத்தப்ப அதையும் இங்கயே எடுத்திருக்காங்க, ஆஸ்கருக்கு மூணு நாமினேஷன் போச்சு. நான் போனது அக்டோபர், விஸ்டீரியா பூக்கலை, வெறும் கொடிதான். கொத்துக் கொத்தா ஊதா கலர்ல தொங்குமாம், நம்ம ஊர்ல சித்திரைல சரக்கொன்றை தொங்குதே அதை ஊதால நெனச்சு பாருங்கன்னு என் பொண்டாட்டிக்கு சொன்னேன். தனியா போயிட்டு வந்துட்டு பூ கதை வேறயான்னு கேட்டா.


கறார்_வாசகி:

பொய் ஜன்னல் நல்லாருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஃப்ரெட்ரிக்கை மன்னிக்க மாட்டேன்.

இன்னொரு விசயம் யாரும் சொல்லல. இந்த புக்கு வந்த அதே 1922 அக்டோபர்லதான் முசோலினி ஆளுங்க ரோமுக்கு ஊர்வலம் போய் ஆட்சிய புடிச்சாங்க. கதைல அதோட வாடை கூட கிடையாது, வண்டிக்காரன், தோட்டக்காரன் எல்லாம் சிரிச்ச மொகமா ஊருக்குள்ள ஒரு கவலை இல்லாம இருக்காங்க. வெளிநாடுன்னா அதுதான் வசதி, அந்த ஊரு பேப்பரை நாம படிக்க வேண்டாம். நம்மூரு பேப்பரை படிச்சா நமக்கு வெயில் தெரியுமா? வத்தல் அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்னு நெனைக்கறேன். அந்த கோட்டைல லாட்டிக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல, எந்த வீட்டு துக்கத்துக்கும் போக வேண்டாம், பால் கணக்கு பாக்க வேண்டாம். ஊரு அழகா இருக்கறது அப்பறம்தான்.


தூங்காநகரத்தான்:

நான் ஒரு வரி போட்டதுக்கு இவ்ளோ பெரிய கிளாஸ் எடுத்துட்டீங்களேம்மா. சரி எறக்கிட்டேன், எட்டு சாப்டர் ஆச்சு. குளியல் ரூம்ல தண்ணி சூடு பண்ற அடுப்பு வெடிச்சு வக்கீலு துண்டோட வெளிய ஓடி வந்து நேரா கரோலின் முன்னாடி நிக்கற சீன் வரும்னு என் தங்கச்சி சொன்னா, அதுக்காகத்தான் வெயிட்டிங்.


மொட்டைமாடி_வத்தல்:

எல்லாருக்கும் தேங்க்ஸ். தம்பி, அந்த சீன் வரும், அவசரப்படாத. அந்தாளு துண்டை புடிச்சுகிட்டே ரொம்ப மரியாதையா பேசுவாரு பாரு.

கறார் சொன்ன பால் கணக்கு மேட்டரும் கார்டு அக்கா சொன்ன அந்த அஞ்சு நிமிசமும் ரெண்டு நாளா மண்டைலயே ஓடிட்டு இருந்துச்சு. நான் கடைசியா தனியா ஒரு ரூம்ல படுத்தது எப்பன்னு யோசிச்சேன், ரெண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில, அதுவும் பக்கத்து பெட்ல எங்கம்மா. இத்தாலிக்கு என்கிட்ட காசு இல்ல, சீட்டு எடுத்ததுல மிச்சம் 7,000 ரூவா இருக்கு. தரங்கம்பாடில கடல் பாத்த மாதிரி ஒரு ரூமு கேட்டு வெச்சிருக்கேன், ரெண்டு ராத்திரி, பையனுக்கு எக்ஸாம் முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழமை.

வீட்டுக்காரர்கிட்ட நேத்து சொன்னேன். கூட யாருன்னாரு. யாரும் இல்லன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "அப்ப ஞாயித்துக்கிழமை மீனு?"ன்னாரு.

மார்க்கெட்டுக்கு வழி சொல்லி குடுத்திருக்கேன்.


கடலோர_கனகம்:

போட்டு வாங்கோ. வரேக்கை துவாயை மடிச்சு வைக்காதேங்கோ.